இரண்டு பேருக்கும் தலையாட்டியவர்

"காய்ச்சல்னு சொல்லிடு ஹெஸ்டர்," என்று கம்பளியை மோவாய்வரை இழுத்துக்கொண்டார் சைலஸ் ட்ரெகியர். "நாலு மணி அடிக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்கிறதா இல்ல."

"ரெண்டு பேருக்கும் தலையாட்டினப்ப இந்தக் காய்ச்சல் எங்க போயிருந்துச்சு?" என்றாள் மனைவி.

பல நாள் பயணத் தொலைவிலுள்ள வெலிங்டன் நாடாளுமன்றத்துக்கு அன்று தேர்தல். கட்சி, சின்னம் எதுவும் கிடையாது. நின்ற மாண்டர், டாக்டர் லாக்யர் இருவரும் உள்ளூர்க்காரர்கள்; இருவரிடமும் ஓட்டுத் தருவதாகத் தலையாட்டியிருந்தார் சைலஸ். சைலஸ் பூட்ஸ் தைக்கும் கடை மாண்டருக்குச் சொந்தமான கட்டடத்தில் இருந்தது. டாக்டர் லாக்யரோ, போன குளிர்காலத்தில் மூச்சுத் திணறிய மகள் லெட்டியைப் பிழைக்க வைத்தவர். ஓட்டுப் போடுவதென்றால் நாலு மணிக்குள் ஊர்க்கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்.

காய்ச்சல் என்று கேள்விப்பட்டதும் டாக்டரே வந்துவிட்டார். நாடி பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. கிளம்புங்க, என் வண்டியிலயே போயிடலாம்."

"தொண்டை கட்டிக்கிச்சு டாக்டர். பேச்சே வரல," என்று கிசுகிசுத்தார் சைலஸ்.

டாக்டர் கறுப்பாக எதையோ ஒரு கரண்டி புகட்டினார். சைலஸ் போட்ட கத்தலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

"குரல் நல்லாத்தானே இருக்கு," என்றார் டாக்டர்.

வண்டியில் அவர் மெதுவாகச் சொன்னார்: "மாண்டர் நல்ல மனுஷன், சைலஸ். உங்களுக்குக் கடை கொடுத்தவர். அதை மனசுல வச்சுக்கோங்க."

சைலஸ் கூனிக் குறுகிப்போனார். போட்டியாளரைப் பற்றி இப்படிப் பேச எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

ஊர்க்கூடத்தில் அதுவரை இரண்டு வேட்பாளர்களுக்கும் சமமாக முப்பத்தொரு ஓட்டு விழுந்திருந்தது. நாலு மணிக்கு இன்னும் மூன்றே நிமிடம். முன்வரிசையில் மாண்டர் கைத்தடியைப் பிடித்தபடி சைலஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு?" என்றார் தேர்தல் அதிகாரி.

கடை போனால் போகட்டும், பிள்ளை உயிரோடு இருக்கிறாளே.

"டாக்டர் லாக்யருக்கு," என்றார், கணீரென்று.

கூட்டம் ஆரவாரித்தது. மாண்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். டாக்டரோ பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

"சந்தோஷத்துல மனுஷனுக்குப் பேச்சே வரல பாரு," என்றார் சைலஸ், டாக்டரின் வண்டிக்காரனிடம்.

வண்டிக்காரன் சைலஸை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஊர்க்காரங்க வற்புறுத்தினதாலதான் நின்னாரு; அவருக்கு இந்த ஊரையும் நோயாளிங்களையும் விட்டுப் போக மனசில்லைங்க. காலையில தன் ஓட்டையே மாண்டருக்குத்தான் போட்டாரு. நீங்களும் கட்டடச் சொந்தக்காரருக்குத்தான் போடுவீங்கன்னு நம்பித்தானே வண்டியில ஏத்திக்கிட்டு வந்தாரு."