கையெழுத்துக்கு முன்னால் ஒரு மீன்

ஆதியிலிருந்து ஆரம்பிப்பவர் என்றொரு பிறவி உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மணி என்ன என்று கேட்டால், கடிகாரம் பிறந்த கதையை எடுப்பவர். இந்த இனத்தின் அசல் மாதிரி ஒன்றைத் தினமும் பக்கத்தில் நின்று பார்க்கிற பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. நான் ஆய்வுக்கூடத்தில் மீன் தொட்டி கழுவுகிறவன். அவர் எங்கள் பேராசிரியர்.

அவர் ஆராய்வது மயலின். மின்கம்பிக்கு உறை போட்டாற்போல் நரம்பைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை அது; அது இருந்தால் மூளையின் செய்தி சிட்டாய்ப் பறக்கும். அந்த உறையைச் சுற்றிவிடும் செல்கள் மீனில் எப்படி வளர்கின்றன, தவளையில் எப்படி, கோழியில் எப்படி, எலியில் எப்படி, மனிதனில் எப்படி என்று முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேகத்தைப் பற்றி அவ்வளவு தெரிந்த மனிதர். ஆனால் அவரிடமிருந்து ஒரு 'சரி' வாங்க அரை நாள் ஆகும். வீட்டில் அவர் மனைவி கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாராம்.

போன வாரம் மாட்டிக்கொண்டது அவருடைய மாணவி. ஆறு வருஷ ஆய்வேடு கையில் இருக்கிறது. அன்று ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்தால்தான் அவளுக்குக் கிடைத்திருக்கிற வேலை நிலைக்கும். தேவை ஒரே ஒரு கையெழுத்து. அவள் வந்து நின்றபோது மணி நாலு.

பேனாவைத் திறந்தார். எனக்கே உயிர் வந்தது.

"போட்டுடலாம்மா. ஆனா முன்னுரையில தாடையில்லாத மீனைப் பத்தி ரெண்டே வரிதான் இருக்கு," என்றார்.

போச்சு! தாடையில்லாத மீனுக்கு மயலின் கிடையாது, தாடை முளைத்த கூட்டத்துக்கு உண்டு, குட்டி மீனுக்கு மூன்றே நாளில் உறை விழ ஆரம்பித்துவிடுகிறது, மனிதனுக்கோ இருபது வயது தாண்டியும் வேலை முடிவதில்லை, அது ஏன் என்று தானே கேட்டுக்கொண்டு தவளைக்குத் தாவி, தவளையிலிருந்து கோழிக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலே முக்கால். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில், ஆளைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அந்தப் பேச்சு மும்முரத்தில், மேசையில் சூடேறிக் கிடந்த மின்சார அடுப்பின் மேல் கையை ஊன்றினார். கை விருட்டென்று பின்னால் வந்தது. வலித்ததா? அதெல்லாம் இல்லை, முகம் பூராவும் ஆனந்தம். உறை மட்டும் இல்லையென்றால் இந்நேரம் கை வெந்திருக்கும் என்று எங்களுக்கு விளக்கம் வேறு.

அவள் நிதானமாகச் சொன்னாள்: "ஆமா சார். உங்க கைக்கு இருக்கற அவசரம் உங்களுக்கும் கொஞ்சம் இருந்தா நான் பொழச்சுக்குவேன்."

அவர் கோழியைப் பாதியில் விட்டுவிட்டு, குனிந்து கையெழுத்துப் போட்டார். அதன் கீழே தேதி எழுத வேண்டிய இடத்தில், பழக்க தோஷம், 'ஏறத்தாழ நாற்பது கோடி ஆண்டுகளுக்கு' என்று ஆரம்பித்தார். அவள் பேனாவைப் பிடுங்கி, அதை அடித்து, அன்றைய தேதியை எழுதிக்கொண்டு பறந்தாள். ஐந்தடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது கொடுத்தும்விட்டாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நேற்று உங்கள் வீட்டில், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, 'வர்றீங்களா, இல்லையா?' என்று கேட்டார்களே, அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? நான் அந்த ரகம் இல்லை என்கிறீர்களா? நல்லது, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். 'அதாவது' என்று தொடங்கக் கூடாது.