திருத்தணித் துறைமுகம்

கப்பல் சுற்றுலாவுக்கு உயிர்நாடி துறைமுகமே, கடல் அல்ல! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழில் இந்த மகத்தான உண்மையை உலகுக்கு வழங்கிய பெருமை, கடலைக் காலண்டரில் மட்டுமே பார்த்திருந்த திருத்தணியைச் சேரும்.

உண்மை முதலில் வந்து மோதியது ஆறுமுகத்தின் மேல். முறை வைத்து ஏரி மதகைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுவது அவன் வேலை. கீழே அவனுக்கும் ஒரு துண்டு நிலம். நெல் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. மதகில் கை வைத்தான்.

"நிறுத்துடா!"

திரும்பினான். கொளுத்தும் வெயிலில் கோட்டு! 'துறைமுக அபிவிருத்திக் கமிட்டி'த் தலைவர் ராஜகோபால்!

"மெட்ராசுக்குக் கப்பல்ல வெள்ளைக்காரங்க வராங்க. பஸ் வெச்சு மலைக்குக் கூட்டிகினு வரப்போறோம்."

"வரட்டுங்க. ஏரி எதுக்குங்க?"

"கப்பல்ல வந்தவன் பஸ் ஸ்டாண்டுல எறங்குவானா? கௌரவம் என்னாவுறது? அந்தாண்டக் கரையில பஸ்ஸை நிறுத்தி, படகுல ஏத்தி, இந்தாண்டத் துறைமுகத்துல எறக்குவோம். தண்ணி கொறைஞ்சா படகு தரை தட்டிடும். மதகைப் பூட்டு!"

"பயிரு காஞ்சிடுங்களே!"

"தேசம் வளரும்போது நெல்லு காயறது ஒரு விஷயமா?"

பின்னால் நின்ற கமிட்டி கை தட்டியது. பூட்டு தொங்கியது.

பிறகு என்ன வேகம்! பனைமரத்தில் ஒரு லாந்தர் ஏறிக் 'கலங்கரை விளக்கம்' ஆயிற்று. கீற்றுக் கொட்டகை 'சுங்கச் சாவடி' ஆயிற்று. அனுமதியின்றி மிதந்த எருமைகள் நாடு கடத்தப்பட்டன.

ஆறுமுகத்தின் மனைவி கன்னியம்மாளுக்கு மட்டும் தேசபக்தி போதவில்லை.

"ஏன்யா, பயிரு சுருண்டுகினு கீது. நீ கோட்டுக்காரனுக்கு சலாம் போட்டுகினு கீறே!"

"சாவி அவுருகிட்ட கீதுமே."

"ஆங், மூளை யாருகிட்ட கீது?"

கப்பல் வந்தது. பயணிகள் மகாபலிபுரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கப்பலேறிப் போய்விட்டார்கள். பஸ் காலியாக வந்து நின்றது. கமிட்டி தானே படகேறி, தானே இறங்கி, தனக்கே மாலை போட்டுக்கொண்டது. மதகு திறந்தபோது வயலில் நின்றது வைக்கோல்.

ரயிலடியில் மூட்டை முடிச்சோடு ஏரிக்கீழ்க் குடும்பங்கள் எல்லாம் கூடியிருந்தன. ராஜகோபால் ஓடி வந்தார்.

"எங்கடா கெளம்பிட்டீங்க?"

"மெட்ராசுக்குங்க," என்றான் ஆறுமுகம். "அங்க நெசத் துறைமுகம் கீதாம். மூட்டை தூக்கப் போறோம்."

ராஜகோபாலின் முகம் மலர்ந்தது. அன்று மாலையே கமிட்டி கூடித் தீர்மானம் வாசித்தது: 'துவங்கிய ஆண்டிலேயே நமது துறைமுகம் ஏராளமான பயணிகளை உற்பத்தி செய்துள்ளது.'

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எதிர்த்துப் பேசக்கூடியவர்கள் அத்தனை பேரும் ரயிலேறியிருந்தார்கள்.