நான் பாஸ் பண்ணிய வீடியோ

எனக்கென்று சொந்தமாக ஓர் அரசியல் கருத்து உண்டு என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதைத் தினமும் காலையில் என் மனைவியின் அண்ணன்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கிறார் என்பது, என்னைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

உள்ளாட்சித் தேர்தல் சமயம். எங்கள் நல்லூர் வார்டுக்கு, அதே வீதியில் இருபது வருசம் டெய்லராக இருந்த சரசக்கா நின்றார். அன்று மச்சான் அனுப்பிய ஒன்பது விநாடி வீடியோவில் அக்கா மைக்கில் பேசுகிறார்: "நான் செயிச்சா... இந்த வீதியில கம்பெனியெல்லாம் மூடணும்!"

எனக்கு ரத்தம் கொதித்தது. பனியன் கம்பெனியில் குவாலிட்டி செக்கர் நான். கம்பெனியை மூடினால் எதைச் செக் பண்ணுவது? (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தால் நான் நானா?) கம்பெனி குரூப், வீதி குரூப், முருகன் கோயில் குரூப் என்று ஒன்று விடாமல் தள்ளிவிட்டேன். சாயங்காலம் அக்கா ஓட்டுக் கேட்டு வந்தபோது, வீதியே கூடியிருக்க, போனைத் தூக்கிப் பிடித்துக் கத்தினேன்.

"ஏனுங்க்கா, எங்க பொழப்புல மண்ணைப் போடத்தான் ஓட்டுக் கேக்கறீங்களா?"

கூட்டம் முணுமுணுத்தது. இரண்டு பேர் நோட்டீசைத் திருப்பியே கொடுத்துவிட்டார்கள். அக்காவின் முகம் வாடிப்போனது. என் போனை வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

"தம்பி, நீங்க செக்கிங்தானுங்களே?"

"ஆமாங்க்கா."

"'நான் செயிச்சா'ங்கறப்பப் பச்சைச் சேலை. 'மூடணும்'ங்கறப்ப நீலச் சேலை. பனியன்ல பாடி ஒரு கலரு, கை ஒரு கலருங்கற மாதிரி. இந்தப் பீஸை எப்படிங்க பாஸ் பண்ணுனீங்க?"

வீதியே சிரித்தது. காலரில் துளி ஷேடு மாறினாலும் பெட்டியோடு திருப்பி அனுப்புகிற மகராசன் நான்! "சாக்கடையைத் தூர் வாரலீன்னா மழைத்தண்ணி பூந்து இந்த வீதியில கம்பெனியெல்லாம் மூடணும்" என்று வேறொரு நாள் அவர் பேசியதை வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

வேறு யாராவது என்றால் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அக்காவோ, "சரி, உடுங்க. அனுப்புன எடத்துக்கெல்லாம் நீங்களே வந்து சொல்லீருங்க" என்றார். மறுநாள் முதல் அவர் பின்னால் வீடு வீடாகப் போய், "நான் அனுப்புனது பொய்யிங்க" என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. ஒரு வீட்டில்கூட அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சத்தியமாக அந்த மனசு எனக்கு வராது.

அக்கா ஜெயித்தார். சாக்கடையும் தூர் வாரினார். இன்றும் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "இவரு நம்ம ரிஜெக்ட் பீஸுங்க. பிரிச்சுத் தெச்சு ஓக்கே பண்ணீட்டோம்" என்பார்.

என் மனைவிதான் இன்னும் ஓக்கே பண்ணவில்லை. காலையில் அவள் அண்ணனிடமிருந்து மெசேஜ் வந்து போன் சிணுங்கினால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்:

"ஏனுங்க, சேலைக் கலரைப் பாத்துட்டீங்களா?"