உட்கார்ந்துகொண்டு சிரித்தவர்

1952 நவம்பர் 17, திங்கட்கிழமை, காலை மணி ஆறு பத்து. இரவெல்லாம் கொட்டிய மழை தூறலாகக் குறைந்திருந்தது. அந்த நிமிடத்தில் மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே மிக ஆபத்தான மனிதர் காட்டுக்குள் ஒளிந்திருக்கவில்லை. எங்கள் தோட்டத்துக் கேட்டில், கையில் துப்பாக்கியோடு, சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தார். அவர் சிரித்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். முந்தைய நாள் வந்திறங்கிய பட்டாளத்துக்குத் தெரியாது.

அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். அடையாளக் கார்டில் வேறு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதினாலும் அவருடைய பிள்ளைகளைத் தவிர யாருக்கும் ஆளைத் தெரியாது.

வெள்ளைக்காரர்கள் மலாயாவில் போட்ட அவசரகாலத்தைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்குத்தான் கேட் திறக்கும். பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போகிறவர்கள் ஒரு வாய்ச் சோறோ ஒரு மிடறு காப்பியோ வெளியே கொண்டு போகக் கூடாது. பகல் வரை பட்டினிதான். வாளியைத் திறந்து பார்த்து அனுப்புவது கேட்டில் நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிளின் வேலை. உம்மணாமூஞ்சி அந்த வேலையில் இருந்தார்.

நான் அந்தத் தோட்டத்தின் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. ஆளை எண்ணு, அரிசியை எண்ணு, கம்பி எத்தனை இடத்தில் அறுந்திருக்கிறது என்று எண்ணு. எனக்கு வயது இருபத்திரண்டு. உடம்பில் இருந்த அலுப்புக்கு வயது அறுபது இருக்கும்.

உம்மணாமூஞ்சிக்கு இருந்த கோளாறு இதுதான்: சிரிப்பு வந்தால் விழுந்துவிடுவார். முதலில் தாடை தொங்கும், பிறகு கழுத்து சாயும், பிறகு முட்டி மடங்கும். கொடியிலிருந்து நழுவிய துணி மாதிரி தரையில் கிடப்பார். கண் திறந்திருக்கும், காது கேட்கும், விரலைக்கூட அசைக்க முடியாது. ஒன்றிரண்டு நிமிடத்தில் எழுந்து, தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார்.

போதாததற்குத் தூக்கம் வேறு. நின்றபடி தூங்குவார், சாப்பிட்டபடி தூங்குவார். தன் கல்யாணத்திலேயே தாலியில் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். மற்ற இரண்டையும் எப்படியும் அக்காதான் போடுவார் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போலீஸில் எப்படி எடுத்தார்கள் என்று கேட்பீர்கள். ஆள் எடுக்க வந்தவர்கள் யாரும் அவருக்குச் சிரிப்பு மூட்டவில்லை.

ஆகவே அவர் எச்சரிக்கையாக வாழ்ந்தார். யார் வாயைத் திறந்தாலும் கையை நீட்டி நிறுத்துவார்.

"சிரிப்பு விஷயமா?"

"இல்லண்ணே. மாமியா செத்துப் போச்சு."

"அப்ப சொல்லு."

சிரிப்பு விஷயம் என்றால் துப்பாக்கியைக் கேட் தூணில் சாய்த்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். "ம், இப்ப சொல்லு" என்பார். கேட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து, மரியாதையாகச் சிரித்து முடிப்பார். கோயில் திருவிழாவில் கூத்துப் பார்க்கப் பாயோடு வருவார். மற்றவர்கள் தூங்குவதற்குப் பாய் கொண்டு வருவார்கள். இவர் சிரிப்பதற்குக் கொண்டு வருவார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அதை வலிப்பு என்று சொல்லிக் கையில் சாவிக்கொத்தை வைத்துப் பார்த்தார். பூசாரி முனி அடித்துவிட்டது என்றார். அஞ்சலை மட்டும் அதை ஒரு வசதி என்று புரிந்துகொண்டாள்.

அஞ்சலை பால்மரம் வெட்டுகிறவள். நான்கு பிள்ளைகள், புருஷன் இல்லை. காப்பி இல்லாமல் நானூறு மரம் வெட்ட முடியாது என்பது அவள் கட்சி. வாளியின் அடியில் துணி, துணிக்கு அடியில் காப்பிப் போத்தல். காவல்காரர் வாளிக்குள் குனியும்போது காதில் ஒரு வார்த்தை சொல்லுவாள். அவர் விழுந்து எழுவதற்குள் காப்பி கம்பியைத் தாண்டியிருக்கும். "ஏம்மா என் வேலைக்கு உலை வைக்கிற?" என்று அவர் கெஞ்சுவார். "நாளைக்குச் சொல்ல மாட்டேன்ணே" என்பாள். நாளைக்கும் சொல்லுவாள்.

அந்தத் திங்கட்கிழமை மரம் காயவில்லை. ஈர மரத்தை வெட்டினால் பால் தண்ணீரோடு வழிந்து போய்விடும். வேலை உண்டா இல்லையா என்று மண்டோர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டுக்காரர்களை மேய்ப்பவர் அவர். நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டில் காத்திருந்தார்கள். இருபதடி தள்ளி, லாரியில் புதுப் பட்டாளம்.

"அண்ணே, ஒரு விஷயம்" என்றாள் அஞ்சலை.

"சிரிப்பு விஷயமா?"

"சேச்சே. மண்டோரோட மானம் போன விஷயம்."

அவர் நிம்மதியானார். உட்காரவில்லை.

"நேத்து பட்டாளம் லயத்தச் சோதிச்சப்ப, எல்லாரையும் கையத் தூக்கச் சொன்னாங்கல்ல?"

"ஆமா."

"மண்டோருக்குக் கைலி முடிச்சு அவுந்து போச்சு. கையத் தூக்குனா கைலி போவும். தூக்காட்டி உசுரு போவும். மனுசன் யோசிச்சாரு. யோசிச்சு, ஒரு கைய மட்டும் தூக்குனாரு."

உம்மணாமூஞ்சியின் கீழுதடு ஆடியது. "போதும்லா, தங்கச்சி."

"பட்டாளத்துத் தொர கேக்குறாரு, என்னய்யா, பாதி சரண்டரான்னு."

முதலில் துப்பாக்கி விழுந்தது. பிறகு அவர் விழுந்தார்.

கேட்டில் காவல்காரன் விழுந்தால் என்ன அர்த்தம் என்று பட்டாளத்துக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் ரப்பர் மரங்களை நோக்கிச் சுட ஆரம்பித்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேரும் சேற்றில் குப்புறப் படுத்தோம். எதிர்ப்பக்கமிருந்து ஒரு குண்டுகூட வரவில்லை. அதையும் எதிரியின் தந்திரம் என்றே எடுத்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு நிமிடம் சுட்டார்கள்.

நடுவில் உம்மணாமூஞ்சி உடம்பில் பலம் திரும்பித் தலையைத் தூக்கினார். பக்கத்தில் சேற்றில் கிடந்த அஞ்சலை, "அண்ணே, நீங்க முழு சரண்டரா?" என்றாள். தலை திரும்பவும் சேற்றில் விழுந்தது. இப்படி மூன்று முறை. இரண்டு பேரையும் ஒருவன் சுட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது.

புகை அடங்கியதும் வாளிகளைச் சோதித்தார்கள். காப்பிப் போத்தல் கிடைத்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

போலீஸ் துரை வந்தார். அவர் கணக்கு சுலபமாக இருந்தது: காவல்காரன் வேண்டுமென்றே விழுகிறான், சாப்பாடு வெளியே போகிறது, விழுவது காட்டுக்காரர்களுக்குக் கொடுக்கும் சைகை. இதற்குத் தண்டனை தடுப்பு முகாம். முகாமிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து இந்தியா. உம்மணாமூஞ்சி எங்கள் தோட்டத்திலேயே பிறந்தவர். பெண்டாட்டி எட்டு மாதக் கர்ப்பம்.

"இந்தியாவுல எங்க எறக்கி விடுவாங்க, கிராணி ஐயா?" என்று என்னிடம் கேட்டார்.

"நாகப்பட்டினம்."

"அங்க யாரு இருக்கா?"

எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

மானேஜர் துரை நல்லவர். சிரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தார். ஒல்லியான மனிதர், மூளை நரம்பு பற்றிப் புதிதாக வருவதையெல்லாம் படிக்கிறவர், தமிழ் தெரியாதவர். பையிலிருந்து ரப்பர் தலை வைத்த சின்னச் சுத்தியலை எடுத்தார். ரப்பர் தோட்டத்துக்காரர்களான எங்களுக்கு அதைப் பார்த்ததும் ஒரு மரியாதை வந்தது.

ஆபீஸில் விசாரணை. நான் மொழிபெயர்ப்பு. டாக்டர் சொன்னார்: "விழுந்து கிடக்கும்போது முட்டியில் தட்டிப் பார்க்க வேண்டும். நடிக்கிறவனுடைய கால் துள்ளும். நிஜமாக விழுந்தவனுடைய கால் துள்ளாது. அதனால் இவர் சிரித்தாக வேண்டும்."

போலீஸ் துரை உடனே உத்தரவு போட்டார்.

"தொர உங்களச் சிரிக்கச் சொல்றாரு" என்றேன்.

"எப்ப?"

"இப்பவே."

"காரணம் எதாச்சும் சொன்னாரா?"

மண்டோர் கைலியை அவிழ்த்துக் கட்டி ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். பலனில்லை. அஞ்சலையைக் கூட்டி வந்தார்கள். அவள் பாதி சரண்டரைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டாள். "காப்பி என்னுதுங்க. இவருக்கு ஒண்ணும் தெரியாது. என்னையப் புடிச்சிட்டுப் போங்க. நாலு புள்ளைங்களையும் சேத்துப் புடிங்க, பாத்துக்க ஆளு இல்ல." உம்மணாமூஞ்சியும் அழுதார். கடைசியில் போலீஸ் துரையே ஒரு பாதிரியாரையும் ஒரு கிளியையும் பற்றிக் கதை சொன்னார். மொழிபெயர்க்க எனக்கு ஆறு நிமிடம் ஆயிற்று.

"பாவம், கிளி" என்றார் உம்மணாமூஞ்சி.

துரைக்குப் பொறுமை போய்விட்டது. டாக்டர் சுத்தியலைப் பைக்குள் வைக்கப் போனார். சேத விவரத்தை வாசித்து விசாரணையை முடிக்கும்படி எனக்கு உத்தரவாயிற்று. துரைக்கு இங்கிலீஷிலும் மற்றவர்களுக்குத் தமிழிலும் வாசித்தேன். மூன்று நாளாகச் சேற்றில் நடந்து எடுத்த கணக்கு. எனக்கு விளையாட்டு எதுவும் தோன்றவில்லை.

"ரப்பர் மரம் முப்பத்தேழு. பால் கோப்பை நூற்று நாற்பத்து மூன்று. ஆடு ஒன்று. கோழி இரண்டு, இதில் ஒன்று மட்டும் சுடப்பட்டது, மற்றது சத்தம் கேட்டுச் செத்தது. மண்டோருடைய கைலி ஒன்று. லயத்து அஞ்சடித் தாழ்வாரக் கொடியில் தொங்கியது. குண்டு துளை இரண்டு. சம்பவ நேரத்தில் உள்ளே மண்டோர் இல்லை."

ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். உம்மணாமூஞ்சியின் தாடை தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்து சாய்ந்தது. நாற்காலியிலிருந்து அப்படியே வழிந்து என் காலடியில் கிடந்தார்.

டாக்டர் பாய்ந்து முட்டியில் தட்டினார். கால் துள்ளவில்லை. இன்னொரு முட்டி. அதுவும் இல்லை. ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று போலீஸ் துரையை உட்காரவைத்து அவர் முட்டியில் தட்டினார். துரையின் பூட்ஸ் எகிறி மேஜையில் பட்டு மைக்கூடு கவிழ்ந்தது. "அரசாங்கத்தின் நரம்பு நன்றாக இருக்கிறது" என்றார் டாக்டர்.

இது வலிப்பு இல்லை, நடிப்பு இல்லை, பேயும் இல்லை, மூளையில் தூக்கத்தைக் கவனிக்கும் இடத்தில் வந்த நோய் என்று எழுதிக் கொடுத்தார். தரையில் கிடந்தவர் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை. நான் துடைத்துவிட்டேன்.

கப்பல் இல்லை, முகாம் இல்லை. அஞ்சலையின் அரிசிப் பங்கில் இரண்டு கட்டி, அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ, வெட்டினார்கள். உம்மணாமூஞ்சியின் உடுப்பையும் துப்பாக்கியையும் வாங்கிக்கொண்டார்கள். மானேஜர் அவரை என் ஆபீஸை ஒட்டிய ஸ்டோருக்கு மாற்றினார். தோட்டத்திலேயே சிரிப்பு வராத இடம் அதுதான் என்று காரணம் சொன்னார். ஆனால் விசாரணைக்குப் பிறகு உம்மணாமூஞ்சி என்னை நம்பவில்லை. நான் ஸ்டோருக்குள் நுழைந்து, "சாக்கு எத்தனை இருக்கு?" என்று கேட்டாலே, முதலில் தரையில் உட்கார்ந்துகொண்டுதான் பதில் சொல்வார்.

போன மாதம் என் கை நடுக்கத்துக்காகச் சிரம்பானில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். பேத்தி வயதுப் பெண். என் நடுக்கத்தை மூன்று நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டாள். மீதி நேரத்துக்கும் காசு கொடுத்திருக்கிறேனே என்று உம்மணாமூஞ்சியைப் பற்றிக் கேட்டேன். இப்போது விஷயம் தெரிந்துவிட்டதாம். நம்மை விழித்திருக்க வைக்கும் ஒரு சுரப்பு மூளையின் ஆழத்தில் இருக்கிறது. அதைச் சுரக்கும் கொஞ்சம் அணுக்கள் அழிந்துபோனால் இப்படி ஆகிறது. உடம்பைக் காக்க வேண்டிய படையே ஆள் தெரியாமல் அவற்றைச் சுட்டிருக்கலாம் என்கிறார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்தக் காலத்தில் எல்லாப் படையும் அப்படித்தான் இருந்தது.

உம்மணாமூஞ்சி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. விசாரணைக்குப் பிறகு சுத்தியல் டாக்டர் அவருக்குக் கொடுத்த மாத்திரையை மாதம் ஒரு முறை சிரம்பான் ஆஸ்பத்திரியில் போய் வாங்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் யாராவது எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். மாத்திரை போட்ட பிறகு அவர் பஸ்ஸில் தூங்கவில்லை. ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். "இங்க ஒரு மல இருக்கு கிராணி ஐயா, உங்களுக்குத் தெரியுமா?" என்பார். இருபது வருடமாக அந்தச் சாலையில் தூங்கிக்கொண்டே போனவர்.

இரண்டாம் மாதமே டாக்டர் என்னிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டார்: மருந்து நன்றாக வேலை செய்கிறது, இனி துணை தேவையில்லை, தனியாகவே வரலாம்.

"என்ன சொல்றாரு?" என்று உம்மணாமூஞ்சி கேட்டார்.

"அடுத்த மாசமும் ரெண்டு பேரும் வரணுமாம்" என்றேன்.

ஏழு வருடம், எண்பத்து நான்கு பயணம். போக வர எனக்குப் பஸ் கட்டணம் இரண்டு வெள்ளி நாற்பது காசு. நிஜமாகவே தேவைப்பட்ட முதல் இரண்டைக் கழித்துவிட்டால், மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றாறு வெள்ளி எண்பது காசு.