மெத்தோடியின் நாற்பதாம் நாளும் மூன்று மென்பொருள்களும்

லோம், வியாழக்கிழமை

வியன்னாவில் மாமியோடும் பிள்ளைகளோடும் நலமாக, முக்கியமாக உயிரோடு, இருக்கும் ஸ்பாஸ் மாமாவுக்கு,

மருமகன் ஒக்னியான் வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். கடைக்குத்தான் உங்கள் அறிவுரையால் மூச்சுத் திணறுகிறது.

நம் அச்சுக் கடை எதில் ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் தெம்பு இருக்கிறவன் வெளிநாடு போகிறான், இல்லாதவன் சாகிறான். முன்னவனுக்குப் பயணச்சீட்டு அடிக்கிறேன், பின்னவனுக்குக் கதவிலும் கம்பத்திலும் ஒட்டக் கறுப்புக் கரை போட்ட அறிவிப்பு. அப்பா காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் பழைய கணினியோடு உடன்கட்டை ஏறிவிட்டது. புதியதில் ஏற்றினால், அந்தப் பதிப்பின் காலம் முடிந்துவிட்டது என்கிறான் கம்பெனிக்காரன். நாம் வாங்கின பொருளுக்கு ஆயுசை அவன் எழுதுகிறான்! சரியென்று நீங்கள் சந்தாவில் ஒன்று எடுத்துக் கொடுத்தீர்கள், உங்கள் கார்டு காலாவதியானதை மட்டும் சொல்லவில்லை. நேற்று எதிர்வீட்டு கீனா அத்தை, புருஷன் மெத்தோடியின் நாற்பதாம் நாள் அறிவிப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள், சனிக்கிழமை பூசைக்குள் ஒட்டியாக வேண்டும், சந்தா நின்றுபோனதால், அவர் செத்தபோது அடித்த அறிவிப்பைத் திறந்தால் பார்க்கலாமாம், திருத்தக் கூடாதாம்.

"மாத்த விடமாட்டேங்குது அத்தை."

"யாரு?"

"கம்பெனிக்காரன்."

"என் புருஷன் செத்ததுக்கு அவன்கிட்ட எதுக்குடா அனுமதி? நான் பாலத்தாண்ட இருக்கிற கடைக்கே போறேன்."

கோயில் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. அவள் போனால் ஊர்ச் சாவு மொத்தமும் பின்னாலேயே போகும், நானும் வியன்னாவில் நீங்கள் வேலை பார்க்கும் கிடங்குக்குப் பெட்டி தூக்க வர வேண்டியதுதான். அதனால் இணையத்திலிருந்து இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினேன். அம்மா பிடித்துக்கொண்டாள்.

"சும்மா குடுக்குறானா? எதுக்கு? தேர்தலுக்கு முன்னாடி சதுக்கத்துல கறி சுட்டுச் சும்மா குடுத்தாங்க, தின்னோம். அப்புறம் பிரசவ வார்டை மூடிட்டாங்க. இவன் எதை மூடப்போறானோ!"

"யாரோ நல்லவங்க ஊருக்காக எழுதி வெச்சிருக்காங்கம்மா."

"ஊருக்காக உழைச்சவன் எல்லாம் இப்ப கடலோரத்துல வீடு கட்டிட்டான்டா."

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள்: மெத்தோடியின் படத்தை அதில் போடுமுன் வேறு யாரையாவது வைத்து வெள்ளோட்டம் பார்க்க வேண்டும். பார்த்தோம். கரை கோணவில்லை, எழுத்து சிதறவில்லை. பிறகு மெத்தோடியை அடித்தேன். கீனா அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிவிப்புக் கட்டை வாங்கிப் போனாள். அம்மா மட்டும் இன்னும் கணினியை முறைக்கிறாள்: "இதுக்கு ஒரு விலை இருக்கும். பின்னாடி வரும்."

ஆகவே மாமா, சந்தாவை ரத்து செய்துவிடுங்கள். இலவசத்தில் ஒரு சூதும் இல்லை. ஈஸ்டருக்குக் கட்டாயம் வாருங்கள், ஊர் உங்களைக் காண ஆவலாக இருக்கிறது. அம்மாவின் குடமிளகாய்த் தொக்கோடு இதைப் பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன்.

மாமிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உங்களுக்கு நீண்ட ஆயுள்.

ஒக்னியான்

பின்குறிப்பு: பேருந்து ஓட்டுநர் உறையில் உங்கள் பெயரைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். விசாரித்தேன். வெள்ளோட்டத்துக்குக் கணினியில் டை கட்டிய படம் உங்களுடையது ஒன்றுதான் இருந்தது, மாமா. உங்கள் பெயர் போட்டு அடித்த அந்தத் தாள் கீனா அத்தையின் கட்டோடு போய்விட்டது. துக்கத்தில் எங்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை என்று நினைத்து, அவளே உங்கள் பழைய வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டாள். கடை வாசலில் பூவோடு வரிசை நிற்கிறது; இரண்டு பேர் அதே கரை வேண்டும் என்று கேட்கிறார்கள். ஈஸ்டருக்கு வர வேண்டாம். சந்தா இருக்கட்டும். யாராவது அழுதுகொண்டு போன் செய்தால் மாமியை எடுக்கச் சொல்லுங்கள். அம்மா வந்தவர்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டே என் காதில் சொல்கிறாள்: "சொன்னேன்ல, விலை பின்னாடி வரும்னு? என் தம்பியை இல்ல எடுத்துக்கிட்டான்!"