மூன்றாவது பாட்டு

"இந்தாங்க டாக்டர், உங்க கேசட்."

பல் டாக்டர் கையுறையைக் கழற்றாமலே வாங்கிக்கொண்டார். மாடியில் ரத்தப் பரிசோதனை செய்கிற லேப் மேடம் நேரில் வந்து நின்றதில் அவருக்குக் கை கால் ஓடவில்லை.

"கேட்டீங்களா?"

"பழைய டேப் ரிக்கார்டரைத் தேடிப் பிடிச்சு ரெண்டு பாட்டு கேட்டேன். உங்க மனசுல இருக்கறதெல்லாம் இதுல இருக்குன்னு சொன்னீங்களே, நெசமாவா?"

"சத்தியமா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு லேப் மேடம் விறுவிறுவென்று மாடியேறிவிட்டார்.

டாக்டருக்கு மனைவி போய் ஒன்பது வருஷம். இன்னொருத்தரிடம் மனசைத் திறக்கலாம் என்று இப்போதுதான் துணிந்திருந்தார். நாளெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிற மனுஷனுக்குத் தன் வாய் திறக்காது என்பது தலையெழுத்து. இந்த மாதம் மட்டும் மூன்று தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை என்று ரிப்போர்ட் வந்ததே தவிர விஷயம் நகரவில்லை. அதனால்தான் கேசட்டைக் கொடுத்தார்.

அதுவும் லேசுப்பட்ட கேசட்டா? தொண்ணூறுகளில் பையன்கள் தலைமுடியை விரித்துப் போட்டு, கிழிந்த சட்டையோடு கரண்ட் கிட்டாரை அலறவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து மரக் கிட்டாரை மடியில் வைத்திருந்தான். அட்டைப்படமே அதுதான். ஒரு ஈ காக்கைகூட வாங்கவில்லை. தள்ளுபடிக் கூடையில் கிடந்ததை டாக்டர் எடுத்து வந்தார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டு டேப் ரிக்கார்டர் செட்டில் அதுதான். கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்கும். மூன்றாவது பாட்டில் அவன் பாடுவதை நிறுத்திவிட்டு ஒரு மூச்சு விடுவான். யாராவது பக்கத்தில் இருந்தால் தேவலையே என்று அப்போது டாக்டருக்கு ஏக்கமாக இருக்கும். மனைவிக்கோ பாட்டு என்றாலே தூக்கம் வந்துவிடும். முப்பது வருஷத்தில் அதை இன்னொருத்தரோடு அவர் கேட்டதே இல்லை.

"வேலை நடுவுல கேட்டிருப்பாங்க டாக்டர். நிதானமாக் கேக்கச் சொல்லுங்க" என்றாள் அவருடைய கிளினிக் நர்ஸ்.

டாக்டர் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கேசட்டோடு அனுப்பினார்: 'தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாக வைத்துக் கேட்கவும். தினம் இரண்டு வேளை.'

மறுநாள் நர்ஸ் கேசட்டோடு இறங்கி வந்தாள்.

"அவங்க அம்மாவுக்கு பிபி ஏறிடுச்சாம் டாக்டர்."

"பாட்டு கேட்டா?"

"நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு என்கிட்ட விசாரிச்சாங்க. இப்பல்லாம் பின்பக்கப் படிக்கட்டுலதான் போறாங்க."

பாட்டின் சோகம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று டாக்டர் முடிவு கட்டினார். சாயங்காலம் அந்தப் பின்பக்கப் படிக்கட்டிலேயே போய் நின்றார்.

"முதல் ரெண்டு பாட்டை விடுங்க. மூணாவது கேட்டீங்களா? அது வரும்போதெல்லாம் உங்களத்தான் நினைச்சுப்பேன்."

லேப் மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுல என்னையா நினைச்சீங்க? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன் டாக்டர்? வேற கிளைக்கு மாத்தல் கேட்டேன், கெடச்சிருச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து அங்கதான்."

டாக்டர் விடவில்லை. "ஒரே ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்து என்கூட உக்காந்து கேளுங்க. பிடிக்கலேன்னா இனிமே உங்க பக்கமே வரமாட்டேன்."

லேப் மேடம் இரண்டு படி மேலே ஏறி நின்றுகொண்டார். "நர்ஸும் கூட வரணும்."

ஞாயிற்றுக்கிழமை, செட்டில் ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாதென்று டாக்டர் மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவரைப் பையில் போடும் நேரத்துக்கு லேப் மேடமும் நர்ஸும் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது பாட்டுக்கு ஓட்டி வைத்திருந்த கேசட்டைப் போட்டு, டாக்டர் பொத்தானை அமுக்கினார்.

வீடு அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. டிரம் இடித்தது, கரண்ட் கிட்டார் அலறியது. நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் பாய்ந்து நிறுத்தினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது... இது என் பாட்டே இல்ல."

"நான் கேட்டதும் இதேதான் டாக்டர்" என்று லேப் மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இருங்கம்மா, அவரை ஏன் கோவிச்சுக்கறீங்க?" என்றார் மெக்கானிக். "இந்தப் பக்கத்து ஸ்பீக்கருக்கு ஒயரே மாட்டாம வச்சிருந்தாரு, இப்ப நான்தான் மாட்டினேன். பாட்டை ரெண்டு ஸ்பீக்கருக்கும் பிரிச்சுல்ல பதிஞ்சிருக்காங்க, கத்தல் மொத்தமும் இதுலதான் வருது. பாவம், இத்தனை வருஷமா மனுஷன் அந்த மரக் கிட்டாரை மட்டும்தான் கேட்டிருக்காரு!"