கரண்டை அணைக்கச் சொல்லித் தமுக்கடிச்ச கதை

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஊருக்குள்ள போற கரண்டு எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கணும்.

பாம்பனுக்கு மேற்கால ஒரு கடற்கரை ஊரு. கரண்டு வந்து ரெண்டு வருசம்கூட ஆகல. மின்சார ஆபீஸ்ல நான் மீட்டர் பாக்குற ஆளு. நூறு பங்கு ஊருக்குள்ள அனுப்பினதா ஆபீஸ் பெரிய மீட்டர் சொல்லும். வீட்டு மீட்டரையெல்லாம் கூட்டினா எண்பதுதான் தேறும். மிச்சம் இருபது எங்க போச்சு? கடல்லயா கொட்டுச்சு?

இன்ஜினியர் கறாரா சொல்லிட்டாரு. "வெள்ளிக்கிழமை நானே வாரேன். அதுக்குள்ள வழி கண்டுபிடி. உன் வேலையை நிரந்தரம் பண்ணி எழுதுறேன். இல்லாட்டி வேற பொழப்பைப் பாத்துக்க!"

எனக்குத் திருவாடானைப் பக்கம் பொண்ணு பாத்து வச்சிருந்தாக. நிரந்தர உத்தரவைக் கண்ணால பாத்தாத்தான் தாம்பூலம் மாத்துவேன்னு பொண்ணோட அப்பா பிடிவாதமா இருந்தாரு.

யோசிச்சு ஒரு மகா திட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில கால் மணி நேரம் ஊரே சுவிட்சை அணைச்சிடணும். அப்பவும் பெரிய மீட்டருக்குள்ள இருக்குற தட்டு சுத்துச்சுன்னா அதுதான் ஒழுகல். எம்புட்டு எளுசு! என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன்.

தமுக்கடிக்கிற முனியாண்டியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவரும் தெருத்தெருவா அடிச்சாரு.

"வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு எல்லாரும் கரண்டை அணைச்சுப் போடணுமாம்! கால் மணி நேரம் யாரும் தொடக்கூடாதாம்!"

டீக்கடை பாய் மட்டும் என்னைப் பாத்து, "ஜும்மாவுக்கு முந்தி முடிஞ்சிரும்ல தம்பி?"ன்னு கேட்டாரு.

"தாராளமா முடிஞ்சிரும் பாய்!"

வெள்ளிக்கிழமை. மீட்டர் முன்னால நானும் இன்ஜினியரும். மணி பத்தடிச்சுச்சு.

தட்டு நிக்கல. நிக்காததுகூடப் பரவாயில்ல, முன்னவிட வேகமாச் சுத்துது!

"என்னப்பா, ஊரே அணைச்சிருக்கும்னியே? இதென்ன பேய் பிடிச்ச மாதிரி சுத்துது?"

ரெண்டு பேரும் தெருவுக்கு ஓடினோம்.

டீக்கடையில பட்டப்பகல்ல பல்பு எரியுது, ஃபேன் சுத்துது, ரேடியோ அலறுது.

"பாய்! அணைக்கச் சொன்னோம்ல?"

"எப்படியும் நீங்க கரண்டை நிப்பாட்டத்தான போறீக? திரும்ப வந்தா எப்படித் தெரியும்? அதான் எல்லாத்தையும் போட்டு வச்சுக் காத்துக்கிட்டு இருக்கேன். மணி பத்தாகியும் நிப்பாட்டவே இல்லையே தம்பி!"

எனக்கே திட்டு! அடுத்த வீட்டுலயும் அதே கதைதான். அஞ்சு பல்பும் எரியுது. அரிசி மில்லுல, "கரண்டு போறதுக்குள்ள அரைச்சிரலாம்னு பாத்தோம் சார்"னு மூச்சு வாங்க அரைக்கிறாக.

இன்ஜினியர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாரு. கல்யாணம் அம்புட்டுத்தான்னு நெனச்சேன். அழுகையே வந்துருச்சு.

அப்ப முனியாண்டி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு வந்தாரு. "சார், கோவிச்சுக்கிறாதீக. ஒரு தடவை என் இஷ்டத்துக்கு அடிச்சுப் பாக்கவா?"

இன்ஜினியர் தலையை ஆட்டினாரு.

டம் டம் டம்! "பெரிய ஆபீசரு வீடு வீடா மீட்டர் பாக்க வந்துக்கிட்டு இருக்காக!"

அம்புட்டுத்தான். தெரு பூராம் டப் டப்னு சுவிட்சு அணைஞ்சுச்சு. மில்லு நின்னுச்சு. டீக்கடை பாய் பெஞ்சு மேல ஏறி பல்பையே கழட்டிட்டாரு.

மில்லுக்குப் பின் சந்துல நாலஞ்சு பேரு மூங்கில் கம்போட ஓடி வந்து, மேல போற கம்பியில மாட்டியிருந்த கொக்கியையெல்லாம் அவசர அவசரமா எறக்குறாக. நாங்க நின்னு பாத்துக்கிட்டே இருந்தோம்.

"கெடச்சிருச்சுப்பா உன் இருபது பங்கு!"ன்னு இன்ஜினியர் என் முதுகுல தட்டினாரு.

அடுத்த மாசமே நிரந்தர உத்தரவு வந்துச்சு. நேர்மையான மனுசன், நடந்ததை நடந்தபடியே அதுல எழுதியிருந்தாரு. பெருமையா கொண்டு போய் மாமனார் கையில குடுத்தேன். ரெண்டு தடவை வாசிச்சிட்டு நிமிந்தாரு.

"எல்லாம் சரி மாப்ளே. இந்த முனியாண்டிங்கிறவரு உங்களுக்கு மேலதிகாரியா?"